இருபது நிமிடத் தூரம்

‘மிஷனரி’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கடல்தான் ஞாபகத்துக்கு வரும். சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். கால்டுவெல் 1838இல் சென்னைக்கு வந்தார், போப் அதற்கு அடுத்த ஆண்டு. தமிழ் கொஞ்சம் படித்த யாருக்கும் இந்தச் சொல்லோடு ஒரு கப்பலும் சேர்ந்தே வரும். வீட்டை விட்டு, மொழியை விட்டு, திரும்புவோமா என்று தெரியாமல் கிளம்பியவர்கள் அவர்கள். அதனால்தான் சால்ட் லேக் சிட்டியில் ஓர் அம்மாள், தானும் தன் கணவரும் மிஷன் ஊழியத்தில் இருப்பதாகச் சொன்னபோது, “எந்த நாட்டுக்குப் போகப் போறீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“இதோ, இங்கதான்” என்று எதிரில் இருந்த மேசையைத் தட்டிக் காட்டினார். வீடு பவுன்டிபுல்லில். காரில் இருபது நிமிடம்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். இந்தக் கேள்விக்குப் பலமுறை பதில் சொல்லிப் பழகியவரின் சிரிப்பு அது.

நான் அங்கே போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு சில்லுத் தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன். புது இயந்திரம் ஒன்றைப் பழகிக்கொள்ள 2024இல் என்னை யூட்டா மாநிலத்தின் லீஹை நகருக்கு ஆறு வாரம் அனுப்பினார்கள். லீஹை என்பது மோர்மன் நூலில் வரும் ஒரு தீர்க்கதரிசியின் பெயர். மனைவி மக்களோடு எருசலேமை விட்டுக் கிளம்பி, பாலைவனம் தாண்டி, கடல் தாண்டிப் போனவர். வாரநாளெல்லாம் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடையில் தூசியில்லா அறைக்குள் இருந்தேன். சனிக்கிழமையில் செய்ய ஒன்றும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ரயிலே ஓடாது, அப்படிப்பட்ட ஊர். சால்ட் லேக் சிட்டியில் உலகத்திலேயே பெரிய வம்சாவளி நூலகம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம் என்று உடன் வேலை செய்த ஒருவர் சொன்னார். ஒரு சனிக்கிழமை ரயிலேறினேன்.

எனக்குத் தேட ஓர் ஆள் இருந்தார். அப்பாவுடைய அம்மாவின் அப்பா, அதாவது பாட்டியின் தகப்பனார். அவர் பெயர் மட்டும் தெரியும். மைகார்டில் என் பெயருக்குப் பக்கத்தில் ஏ/எல் போட்டு அப்பா பெயர் இருக்கிறது, அப்பாவுடையதில் தாத்தா பெயர் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு அதோடு சங்கிலி அறுந்துவிடும். அதிலும் பெண் வழியில் போனால் ஒன்றுமே கிடைக்காது.

முதல் மாடியில் அந்தத் தம்பதியிடம் போய் உட்கார்ந்தேன். இருவருக்கும் எழுபதைத் தாண்டிய வயது. சட்டையில் கறுப்புப் பெயர்ப்பட்டை. அவர் ஹில் விமானப்படைத் தளத்தில் விமானப் பழுதுபார்ப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாள் ஆரம்பப்பள்ளி ஆசிரியை. இப்போது அவர் ‘எல்டர்’, இவர் ‘சிஸ்டர்’. அந்தச் சபையில் சைக்கிளில் வீடு வீடாகப் போகும் பத்தொன்பது வயதுப் பையனும் எல்டர்தான், மூத்தவர்! இத்தனை வருடம் காத்திருந்து உண்மையிலேயே மூத்தவராகி அந்தப் பட்டையை மாட்டிக்கொண்ட ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

மோர்மன் என்று நாம் அழைக்கும் இந்தச் சபையை 1830இல் ஜோசப் ஸ்மித் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கினார். (2018 முதல் அந்தச் சுருக்கப் பெயரை விட்டுவிட்டு, சபையின் முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். பழகிய பெயரிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளட்டும்.) அதன் இளைஞர்கள் இரண்டு வருடமும் இளம்பெண்கள் ஒன்றரை வருடமும் சபை அனுப்புகிற ஊருக்குப் போய் ஊழியம் செய்வார்கள். எப்போதும் இரண்டு பேராகத்தான். அந்த இன்னொருவருக்குத் ‘துணை’ என்று பெயர். துணையைத் தனியே விட்டுப் போகக்கூடாது என்பது கண்டிப்பான விதி. பிள்ளைகளை வளர்த்து முடித்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகளும் சொந்தச் செலவில் இப்படிப் போகிறார்கள். தூர நாட்டுக்குப் போக முடியாதவர்களுக்கு இன்னொரு வகை உண்டு. இரவு தங்குவது சொந்த வீட்டில், வேலை செய்வது பக்கத்து நூலகத்திலோ உணவுக் கிடங்கிலோ. அந்தத் தம்பதி வாரத்துக்கு இரண்டு நாள் நூலகம் வருகிறார்கள்.

எனக்கு இது ஒப்பவில்லை. மனத்துக்குள், ‘இதுக்குப் பேரு பகுதிநேர வேலைதானே’ என்றுதான் நினைத்தேன். தியாகம் என்றால் எதையாவது விட வேண்டாமா? சாயங்காலம் ஐந்து மணிக்குச் சொந்தச் சோபாவில் போய் உட்காருகிறவர் எதை விட்டார்?

மேலோட்டமான கேள்வி என்று இப்போது தெரிகிறது. ஆனால் அன்று அதை நான் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

2021 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலாமில் தாமான் ஸ்ரீ மூடா முழுகிப் போனது. அப்போது நான் கிள்ளானில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து ஸ்ரீ மூடாவுக்கு, சாலையில் நெரிசல் இல்லையென்றால், இருபது நிமிடம். தண்ணீர் வடிந்ததும் நண்பர்களோடு போனேன். முன்பின் தெரியாதவர்களின் வீடுகளில் சேற்றை வாரினோம். குளிர்பதனப் பெட்டிகளையும் ஊறிப்போன மெத்தைகளையும் தெருவுக்கு இழுத்துப் போட்டோம். எந்த இனம், எந்த மதம் என்று யாரும் பார்க்காத நாட்கள் அவை. குருத்துவாராக்களிலிருந்து சுடச்சுடச் சாப்பாடு வந்தது. முழங்கால்வரை சேற்றோடு நான் நிற்கும் படத்தை அப்பா குடும்பக் குழுவில் போட்டார். சிங்கப்பூர் மாமா கைகூப்பும் பொம்மை நான்கைப் போட்டார்.

அதே வாரம், அதே வீட்டின் பின்னறையில் பாட்டி படுத்திருந்தார். படுக்கையில் விழுந்து நான்காவது வருடம். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அதை அம்மாதான் செய்தார். ஒருநாள் சாயங்காலம் நான் ஸ்ரீ மூடாவிலிருந்து வந்து உட்கார்ந்ததும் அம்மா கூப்பிட்டார்: “ஒரு கை புடிடா, இன்னிக்கி எனக்கு இடுப்பு புடிச்சிருக்கு.” “காலையிலேர்ந்து குனிஞ்சு குனிஞ்சு முதுகு போச்சும்மா” என்றேன். முதுகு வலித்தது உண்மைதான். ஆனால் நான் போகாததற்குக் காரணம் அது இல்லை. அந்த அறையின் வாடை. ஸ்ரீ மூடாவில் சாக்கடைத் தண்ணீரில் நின்றபோது வராத குமட்டல் எனக்கு அந்தக் கதவருகே வந்தது.

2022 மார்ச்சில் பாட்டி இறந்தார்.

ஸ்ரீ மூடாவில் நான் செய்தது போலி என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வீடுகளுக்கு ஆள் தேவைப்பட்டது, நான் ஆளாக இருந்தேன். அதை இன்று இழிவாகப் பேசினால் அதுவும் ஒருவகை வேடம்தான். என்னை உறுத்துவது வேறொன்று. ஒன்று சேவையாகவும் மற்றொன்று தொந்தரவாகவும் எனக்குத் தெரிந்தது எப்படி?

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது பீட்டர் சிங்கரின் 1972ஆம் ஆண்டுக் கட்டுரையை ஒரு நண்பன் கொடுத்தான். குளத்தில் மூழ்கும் குழந்தையைப் பார்த்தால், உடுப்பு நனையுமே என்று யோசிக்காமல் இறங்குவாய் அல்லவா? அப்படியானால் ஆயிரம் மைலுக்கு அப்பால் பசியில் சாகும் குழந்தைக்கு உதவாமல் இருக்க என்ன நியாயம்? தூரம் என்பது ஓர் அறக்காரணம் ஆகாது. இயந்திரப் பொறியியல் படிக்கிறவனுக்கு இதில் ஒரு சமன்பாட்டின் சுத்தம் தெரிந்தது. ஆனால் நான் அதை அரைகுறையாகத்தான் வாங்கிக்கொண்டேன். தூரம் ஒரு குறை இல்லை என்றுதான் சிங்கர் சொன்னார். தூரம் ஒரு தகுதி என்று நான் படித்துக்கொண்டேன். பக்கத்தில் இருப்பவரின் கணக்கைக் குறைத்துக்கொள் என்று அந்தக் கட்டுரையில் எங்கேயும் இல்லை.

இதற்கு மறுமுனையில் காந்தி இருக்கிறார். 1916 பிப்ரவரியில் சென்னையில் மிஷனரிகளின் மாநாட்டிலேயே அவர் சுதேசி பற்றிப் பேசினார். தூரத்தில் இருப்பதை ஒதுக்கி, மிக அருகில் இருப்பதையே பயன்படுத்தவும் அதற்கே சேவை செய்யவும் நம்மைக் கட்டுப்படுத்தும் உணர்வு என்று சுதேசிக்கு விளக்கம் கொடுத்தார். கடல் தாண்டி வந்தவர்களை உட்காரவைத்துக்கொண்டு இப்படிப் பேசுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனாலும் முழுதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. நம் ஊரில் ‘அருகில்’ என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். நம்ம ஆளு, நம்ம கோயிலு, நம்ம சாதி. பக்கத்து வரிசை வீட்டில் பத்துப் பேராக அடைந்து கிடக்கும் வங்காளதேசத் தொழிலாளிகள் தூரத்தால் அருகில்தான் இருக்கிறார்கள். அவர்களை யார் அருகில் என்று எண்ணுகிறோம்?

அருகு என்பதும் சொந்தம் என்பதும் வேறு வேறு. அந்த நூலகத்தில் எனக்கு உறைத்தது இதுதான். அந்த அம்மாள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில்தான் இருந்தார். ஆனால் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தவன் ஓர் இந்து, மலேசியன், அவருக்கு எந்த வகையிலும் சொந்தமில்லாதவன். எனக்காக இரண்டரை மணி நேரம் செலவழித்தார். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் என்று தேடினார். அவர் கணவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மனைவி சொல்வதைப் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தார். கணினி அவருக்குச் சரியாக வராது. பழைய கையெழுத்து படிப்பதும் மனைவிக்குத்தான் வரும். இவர் உதவியாளர்.

இதை நான் கவனித்ததை அந்த அம்மாள் கவனித்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்: “இவர் எங்க வட்டாரத்துக்கு அஞ்சு வருஷம் பிஷப்பா இருந்தார். சம்பளம் கிடையாது, தளத்துல வேலை முடிஞ்சு வந்து ராத்திரியெல்லாம் மத்தவங்க வீட்டுல இருப்பார். எல்லாரும் இவரோட ஊழியத்துக்கு நன்றி சொன்னாங்க. அந்த அஞ்சு வருஷமும் அஞ்சு பிள்ளைங்களுக்கு நான் சோறு போட்டேன். அதுக்கு யாரும் ஒரு பேர் வைக்கல.” கணவர் எழுதுவதை நிறுத்தவில்லை. ஆனால் காது சிவந்திருந்தது.

எனக்கு மார்த்தா மால்ட் ஞாபகம் வந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். அவர் மகள் எலைசாதான் கால்டுவெல்லின் மனைவி, இடையன்குடியில் பெண்களின் படிப்புக்காக உழைத்தவர். சென்னைக் கடற்கரையில் கால்டுவெல்லுக்குச் சிலை இருக்கிறது. எலைசாவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கப்பலில் போன மிஷனிலும் வீட்டிலேயே தங்கிவிட்ட ஒரு பகுதி இருந்தது. அது மிஷன் கணக்கில் வரவில்லை. தொல்காப்பியத்தின் கற்பியல் இந்த விஷயத்தில் தாராளம். மக்களோடு நிறைந்து வாழ்ந்து காமம் கனிந்து முடிந்த காலத்தில் தலைவனும் தலைவியும் சேர்ந்து சிறந்ததைப் பயில வேண்டும் என்கிறது. காட்டுக்குப் போகச் சொல்லவில்லை. அவனை மட்டும் போகச் சொல்லவும் இல்லை.

“ஏன் வெளிநாடு போகல?” என்று கேட்டேன்.

போக இருந்தார்களாம். கணவர் இருபது வயதில் பிலிப்பைன்ஸில் ஊழியம் செய்தவர். ஓய்வு பெற்றதும் மனைவியை அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று பல வருடம் காசு சேர்த்திருக்கிறார், தகாலோக் மொழியைக்கூட மறக்காமல் வைத்திருந்திருக்கிறார். அப்போதுதான் அந்த அம்மாளின் தாயார் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இப்போது அவருக்குத் தொண்ணூற்று மூன்று வயது, இவர்கள் வீட்டில்தான் இருக்கிறார். “அதனால இது. இவருக்கு இன்னும் வலிக்கும், சொல்ல மாட்டார்” என்றார்.

அப்போது நான் அந்த அம்மாளிடம், அம்மாவைப் பார்த்துக்கொள்வதும் மிஷனில் சேருமா என்று கேட்டேன். அவர் தன் பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“சேராது. இங்க வர்ற ரெண்டு நாள்தான் மிஷன். உண்மையச் சொல்லட்டுமா? இந்த ரெண்டு நாள்தான் எனக்கு ஓய்வு. இங்க நான் செய்யறது ஒவ்வொண்ணும் முடியும். நீங்க ஒரு பேரோட வர்றீங்க, கிடைச்சாலும் கிடைக்கலன்னாலும் நன்றி சொல்லிட்டுப் போயிடுவீங்க. அம்மாகிட்ட எதுவும் முடியறதில்ல.”

நல்ல மனிதர்களைச் சந்தித்தேன், திருந்தினேன் என்று இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் நான் இன்னொன்றையும் கேட்டேன். இந்த இரண்டு நாளும் அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? “என் தம்பி மனைவி” என்றார். அவருக்குப் பட்டை கிடையாது. ஆக, யாரோ ஒருவர் பட்டையோடு வெளியே வர, பட்டை இல்லாத இன்னொருவர் பின்னறையில் இருந்தாக வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அது அம்மா. அவர்கள் வீட்டில் தம்பி மனைவி. இருபது நிமிடத் தூரத்து மிஷனுக்கும் ஒரு கரை உண்டு, அந்தக் கரையிலும் யாரோ விடப்படுகிறார்கள்.

இருந்தாலும் ஒரு வித்தியாசத்தை மறுக்க முடியவில்லை. அந்த அம்மாளுக்கு அது தெரிந்திருந்தது. எது ஓய்வு, எது பாரம் என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை. எனக்கு இருந்தது. எளிதானதைச் செய்துவிட்டு அரிதானதைச் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளச் சேற்றுக்கு ஒரு கடைசி நாள் உண்டு, பாட்டியின் அறைக்கு மரணத்தைத் தவிர வேறு கடைசி நாள் கிடையாது. தூரம் என்று நான் மதித்ததெல்லாம் உண்மையில் அந்தக் கடைசி நாளைத்தானோ?

இலவசம் என்றாலே நமக்குச் சந்தேகம் வருமே, எனக்கும் வந்தது. வம்சாவளியில் மோர்மன்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், இறந்துபோன முன்னோருக்காக உயிரோடு இருப்பவர் ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் அவர்களிடம் உண்டு. இறந்தவர் அதை ஏற்கலாம், மறுக்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. யூதப் படுகொலையில் இறந்தவர்களுக்கும் இப்படிச் செய்தது வெளியே தெரிந்து பெரிய எதிர்ப்பு வந்தது. 1995இல் அதை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். “எங்க பூட்டன் பேர வச்சு அப்படிச் செய்வீங்களா?” என்று நேராகவே கேட்டேன். தன் சொந்த முன்னோருக்கு மட்டும்தான் செய்யவேண்டும் என்பது விதி, உங்களுக்கு மனசில்லையென்றால் இங்கே எதையும் பதிவு செய்ய வேண்டாம் என்றார். நான் பதிவு செய்யவில்லை. அவர் அதற்காக வருத்தப்படவும் இல்லை, தேடுவதை நிறுத்தவும் இல்லை. அந்தச் சேவைக்குப் பின்னால் ஒரு நோக்கம் இருப்பதும் உண்மை, அந்த நோக்கம் நிறைவேறாது என்று தெரிந்த பிறகும் அவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்ததும் உண்மை. இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பூட்டன் கிடைக்கவில்லை. கிடைக்காததற்குக் காரணமும் இருந்தது. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இலேயே முடிந்துவிட்டது. அதன்பின் 1938வரை கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். பெயர் பெயராக ஒப்பந்தத்தாள் எழுதிய காலம் அது இல்லை. கங்காணியின் கூட்டத்தில் ஒரு தலை, அவ்வளவுதான் அவர். அந்த நூலகத்தின் 24 லட்சம் நுண்படச் சுருள்களையும் மின்வடிவாக்கி முடித்துவிட்டார்கள். அதில் எந்த மூலையிலாவது அவர் இருந்தாலும், ஊர் பெயர் தெரியாமல் தேட முடியாது.

“ஊர் பெயர் யாருக்காவது தெரியுமா? வீட்டில் மூத்தவங்ககிட்ட கேட்டீங்களா?” என்று அந்தப் பெரியவர் கேட்டார். அவர் நேராக என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். வம்சாவளி தேடுகிறவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதானாம். நூலகத்துக்கு வருமுன் வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

பாட்டிக்கு எல்லாம் தெரியும். கடைசிவரை நினைவு தப்பாதவர். நான்கு வருடம் என் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருந்தது.

அன்றிரவு லீஹையிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். கிள்ளானில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். ஓய்வு பெற்றபின் அன்னதானக் குழுவில் சேர்ந்து, குழுவின் பெயர் போட்ட ஆரஞ்சு சட்டையில் சாம்பார் வாளியோடு வரிசையில் நிற்கிறார். அம்மா காலை ஆறு மணிக்கே போய் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியிருந்தார். அவருக்கு ஆரஞ்சு சட்டை கொடுத்தார்களா என்று கேட்டேன். “எனக்கு எதுக்குடா அது, வேர்க்கும்” என்றார்.

பாட்டியின் அப்பா எந்த ஊர் என்று கேட்டேன்.

“துறையூர் பக்கம். ஊருக்கு வெளிய ஏரி இருக்குமாம், ஏரிக்கரையில பெரிய புளியமரமாம். பத்தொம்பது வயசுல வந்தாராம், நாகப்பட்டணத்துல ரஜூலா கப்பல் ஏறி. கூட வந்த தம்பி கப்பல்லயே காய்ச்சல்ல போயிட்டாராம். அது பேரு...” என்று சொல்லிக்கொண்டே போனார். பேனாவைத் தேடினேன். ஓட்டல் காகிதம் போதவில்லை. இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, “தினமும் சோறு ஊட்டுறப்ப சொல்லுவாங்க. ஒரு வாய் வாங்குறதுக்கு ஒரு கதை. நான் வேற எங்க போறது, கேட்டுத்தானே ஆவணும்” என்றார்.

ஊர் திரும்பியதும் அப்பாவிடமும் கேட்டேன். அவர் பாட்டியின் சொந்த மகன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“உங்கம்மாவக் கேளு. அவளுக்குத்தான் தெரியும்.”

இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை பினாங்கிலிருந்து கிள்ளானுக்கு வருகிறேன். சமையலறையில் கைப்பேசியை வைத்து அம்மா சொல்வதைப் பதிவு செய்கிறேன். குக்கர் சத்தம் வந்தால் நிறுத்திவிடுவார். போன முறை பாதியில் எழுந்து, வெங்காயத்தை என் பக்கம் தள்ளி, “சும்மாதான கேட்டுக்கிட்டு இருக்க, இத உரி” என்றார்.